போதை ஒழிப்பு விழாச் சாமான்கள் பூட்டிவைத்த கூடம்

அனுப்புநர்
யு. சுகுணா,
க/பெ. யுவராஜ்,
மேல்வளவு, எடப்புளி நாடு,
கொல்லிமலை வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாமக்கல்.

பொருள்: போதையிலிருந்து மீண்டு வருவோர் தாய் சி பயிற்சி செய்துவந்த செம்மேடு பழைய சமுதாயக் கூடத்தைத் திறந்துவிடவும், என் கணவரின் முகம் அச்சிட்ட பேனரை அகற்றவும் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் மிளகும் மரவள்ளியும் பயிர் செய்து வாழ்கிறேன். என் கணவர் யுவராஜ் போர்வெல் வண்டி வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகள் வடநாட்டில் இருந்தார். இரவு பகல் பாராத அந்த வேலையில் கண் விழிக்க ஒரு மாத்திரை, கண் மூட ஒரு மாத்திரை என்று பழகி, மாத்திரை இல்லாமல் நிற்க முடியாத ஆளாக ஊர் திரும்பினார். அதன் பிறகு வீட்டில் நடந்தவற்றை ஒரு மனுவில் எழுத இயலாது. பிள்ளையை என் தாய்வீட்டில் விட வேண்டியிருந்தது என்று மட்டும் குறிப்பிடுகிறேன்.

மலையடிவாரத்தில் உள்ள மறுவாழ்வு மையம் ஒன்றில் சிகிச்சை பெற்றுத் திரும்பினார். மாத்திரையை விட்டுவிட்டார். ஆனால் தூக்கம் வரவில்லை, கை நடுக்கம் நிற்கவில்லை. மிளகு பறிக்க எங்கள் ஊரில் ஒற்றை மூங்கில் ஏணியை மரத்தில் சாய்த்து ஏறுவோம். நடுங்கும் கையோடு அதில் ஏறினால் இறங்கி வர முடியாது, விழத்தான் முடியும்.

அந்தச் சமயத்தில்தான் திரு. அர்ஷத் வந்தார். சேந்தமங்கலத்து வாழைக்காய் வியாபாரி. சோளக்காட்டுச் சந்தைக்குச் சரக்கெடுக்க வருபவர். அவரும் ஒரு காலத்தில் இதே குழியில் கிடந்து எழுந்தவர். மூச்சோடு சேர்த்துக் கையையும் காலையும் மிக மெதுவாக நகர்த்தும் தாய் சி என்ற சீனத்துப் பயிற்சி தனக்குக் கைகொடுத்தது என்று சொல்லி, என் கணவருக்கும், அதேபோல் வண்டிக்குப் போய்க் கெட்டுத் திரும்பிய பிரேம், தமிழ்செல்வன் ஆகியோருக்கும் கற்றுக்கொடுத்தார். மருந்தை நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் போவதை விடக் கூடாது, இது அவற்றுக்குத் துணை மட்டும்தான் என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஊரார் சும்மா இருப்பார்களா? "காத்துக்கு எண்ணெய் தேய்க்கிறானுங்க" என்று கேலி பேசினார்கள். அதனால்தான் செம்மேட்டில் பயன்பாடின்றிக் கிடந்த பழைய சமுதாயக் கூடத்தை இவர்களே கூட்டிப் பெருக்கி, கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தார்கள். யாரும் பார்க்காத ஓர் இடம், காலுக்குக் கீழே சமமான தரை. இவர்கள் கேட்டது இவ்வளவுதான். எங்கள் மலையில் இரண்டுமே சுலபத்தில் கிடைப்பதில்லை.

என் கணவர் மெல்ல மெல்லத் தூங்க ஆரம்பித்தார். பிள்ளையை அழைத்து வந்தோம். சென்ற ஆண்டு மிளகுப் பறிப்பில் ஏணியில் ஏறினார். கீழே நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏணி ஆடவில்லை, ஐயா.

சென்ற ஜூன் மாதம் பச்சைமுகடு சமூக நல அறக்கட்டளை என்ற அமைப்பினர் செம்மேட்டில் போதை ஒழிப்பு விழா நடத்தினார்கள். மேடையில் இந்தப் பயிற்சியைச் செய்துகாட்டும்படி கேட்டார்கள். கூடத்துக்கு நல்லது நடக்கும் என்று நம்பி இவர்களும் செய்தார்கள். போட்டோ எடுத்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். மறுவாரம் செம்மேடு பேருந்து நிலையத்திலும் சோளக்காட்டிலும் பேனர் எழுந்தது. என் கணவரின் முகம், ஆள் உயரத்துக்கு. அதன் கீழே "போதையின் பிடியிலிருந்து எங்களால் மீட்கப்பட்டவர்". எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீட்ட அர்ஷத்தின் பெயர் அதில் எங்குமே இல்லை.

என் கணவர் விஷயம் ஊருக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் மலையில் அதுதான் மரியாதை. அந்த மரியாதையை ஒரு பேனர் கிழித்துவிட்டது. சோளக்காட்டில் மூட்டை ஏற்ற இவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த வியாபாரி, "போட்டோவப் பாத்தனுங்க. தப்பா நெனைக்காதீங்க, மத்த ஆளுங்க பயப்படறாங்க" என்று அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் என் மகளுக்குப் பேனர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

விழா முடிந்ததும் நாற்காலி, மேடைப் பலகை, மிஞ்சிய பேனர் எல்லாவற்றையும் கூடத்துக்குள் அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். சாவி மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் உள்ள அவர்கள் அலுவலகத்தில் இருக்கிறது. நான் நேரில் போய்க் கேட்டேன். "அடுத்த வருச விழாவுக்குச் சாமான் பத்திரமா இருக்கணுமுங்க" என்றார்கள். போதையை ஒழிக்க வாங்கிய நாற்காலிகள் பத்திரமாக இருக்கின்றன. போதையை விட்டவர்கள் தெருவில் நிற்கிறார்கள். அரசு கட்டிக்கொடுத்த கூடம் இது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டார் என்பார்கள், அது எங்களுக்கு நடந்துவிட்டது. வட்டாட்சியர் அலுவலகத்தில் மூன்று முறை மனு கொடுத்தும் பதில் இல்லை.

ரோட்டோர மேட்டில் செய்து பார்த்தார்கள். சுற்றுலா வந்தவர்கள் வண்டியை நிறுத்திப் படம்பிடித்துச் சிரித்தார்கள். வயலில் செய்தார்கள், மழை விடவில்லை. பிறகு நின்றுபோனது. பிரேம் மறுபடி மாத்திரைக்குப் போய், வந்த முதல் போர்வெல் வண்டியில் ஏறிப் போய்விட்டான். அவன் தாயார் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என் கணவர் மாத்திரையைத் தொடவில்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது. கை மறுபடி நடுங்குகிறது.

சென்ற வாரம் செம்மேட்டுப் பேனரைக் கழற்றிப் போட்டார்கள். எங்கள் மலையில் பேனர் வீணாவதில்லை, மிளகு காயப்போட எடுத்துவந்துவிடுவோம். எழுதப் படிக்கத் தெரியாத என் மாமியார் பொன்னம்மாளும் வெள்ளைப் பக்கத்தை மட்டும் பார்த்து, கெட்டியான ஷீட்டு கிடைத்தது என்று சந்தோஷமாகச் சுருட்டி வந்து களத்தில் விரித்துவிட்டார். சாயங்காலம் மிளகை அள்ளி, அதை மடித்தவர் என் கணவர். தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல ஷீட்டுதான், கெடக்கட்டும்" என்று சொல்லி மடித்து வைத்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

இந்த ஆண்டும் மிளகு சிவந்துவிட்டது. அவர் ஏணியில் ஏறக் கூடாது என்று நானே தடுத்திருக்கிறேன். நேற்று அறக்கட்டளையிலிருந்து ஆள் வந்து, வரும் ஜூன் விழாவிலும் பயிற்சி செய்துகாட்ட வேண்டும் என்று அழைத்துவிட்டுப் போனார்.

எனவே, கூடத்தில் உள்ள சாமான்களை அகற்றி, சாவியைச் செம்மேட்டிலேயே ஒப்படைக்கச் செய்யுமாறும், சோளக்காட்டில் இன்னும் நிற்கும் பேனரை இறக்க உத்தரவிடுமாறும் வேண்டுகிறேன். உதவித்தொகை எதுவும் கேட்கவில்லை. விழா மேடையில் ஏற்றிக் காட்ட ஜூன் மாதம் அவர் மிச்சம் இருக்க வேண்டுமானால், கூடம் இந்த மாதமே திறந்தாக வேண்டும்.

இடம்: எடப்புளி நாடு
நாள்: 12.02.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
யு. சுகுணா

இணைப்பு: பேனரில் என் கணவரின் முகம் உள்ள பகுதி மட்டும் வெட்டி வைக்கப்பட்டுள்ளது. மிளகுக் கறைக்கு மன்னிக்கவும். மீதிப் பகுதி மிளகு காயப்போடத் தேவைப்படுகிறது.