உப்புக் கரித்த ஐஸ்கிரீம்

1936 ஆகஸ்டு 9, ஞாயிறு. பிரிக்பீல்ட்ஸ்.

இன்று என்னைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து வந்தார்கள். அண்ணன் இரவல் வாங்கிவந்த மின்சார மெஷினில் நானே தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம் செய்தேன். டப்பாவைச் சரியாக மூடவில்லை போலிருக்கிறது. உறைவதற்காக டப்பாவைச் சுற்றிப் போட்ட ஐஸும் உப்பும் கரைந்து உள்ளே இறங்கிவிட்டன. சாமிக்குப் படைக்கும் முன் எச்சில் பண்ணாதே என்று அம்மா சொல்லியிருந்ததால் யாரும் ருசி பார்க்கவில்லை. படைத்த கையோடு விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாயோடு கிண்ணத்தைக் கீழே வைத்தார். "என்னம்மா, ஒரே உப்பா கரிக்குது!"

மாப்பிள்ளை மட்டும் வழித்துச் சாப்பிட்டார். "நல்லாத்தானே இருக்கு," என்றார். அண்ணனுக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

அவர்கள் போனபின் நானும் ஒரு கரண்டி வாயில் வைத்தேன். துப்பிவிட்டேன்.

காலையில் அண்ணன் என் சம்மதம் கேட்பான். அந்த உப்பைத் தின்று நல்லாயிருக்கு என்றபோது மாப்பிள்ளையின் முகம் கொஞ்சமாவது சுளித்திருக்கலாம்.