சங்குச் சுருதி

2025 ஏப்ரல் 7

ரேஷன் கடையில் இன்றும் துவரம்பருப்பு இல்லை. வெறும் பையோடு ஸ்ரீரங்கம் வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் ஒரு பெண். பெயர் யமுனா, சென்னைக்காரி. மறந்துபோன பாட்டுக்காரர்களைத் தேடிப் பிடித்து இசைத்தட்டு போடுகிறாளாம். என் ஆறு கேசட்டிலிருந்தும் எடுத்து ஒரே பெட்டியாகப் போடப்போகிறாள்.

“உங்க மொத்த வாழ்க்கையும் அதுல வரும் சார்” என்றாள்.

உள்ளேயிருந்து ஜோதி, “மொத்தமும்னா ஒரு பக்கத்துலயே முடிஞ்சிரும்மா” என்றாள். கட்டிய பெண்டாட்டி இப்படி.

கேசட்டுகளைக் கொடுத்துவிட்டேன். எல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. பத்திரம் பத்திரம் என்று நாலு தடவை சொன்னேன்.

ஏப்ரல் 9

யமுனா என் சரித்திரத்தை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாள். பெரிய சரித்திரம்! கைலாசபுரம் பக்கத்து பாய்லர் ஃபாக்டரியில் முப்பத்தோரு வருடம் வெல்டர். கழித்துப் போட்ட குழாயில் ஒரு துண்டை அறுத்துச் சுண்டு விரலில் மாட்டிக்கொண்டு கித்தார் கம்பியில் தேய்த்தவன். சாப்பாட்டு நேரத்தில் காலி பாய்லர் டிரம்முக்குள் உட்கார்ந்து பாடி, மெமோ வாங்கியவன்.

துறையூரில் ஒரு திருவிழாவுக்கு, சினிமாப் பாட்டுக் குழு என்று நினைத்து எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரே பாட்டை நாற்பது நிமிடம் வாசித்தேன். செருப்பு வந்தது. ஒரு விவசாயி மட்டும் மேடைக்கே ஏறி வந்து, “நிறுத்திறாதீங்க தம்பி, எம்மாடு இப்பத்தான் அசந்து படுத்துச்சு” என்றார். அதைவிட நல்ல விமர்சனம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

பத்திரிகைக்காரர்களிடம் நான் அளந்தது வேறு. ப்ளூஸ் இசை கற்க ஆப்பிரிக்காவில் ஏழு வருடம் இருந்தேன் என்று ஒருவரிடம். கொள்ளிடத்து முதலைப் பல்லால் வாசிக்கிறேன் என்று இன்னொருவரிடம். போட்டார்களே! நான் விழுப்புரத்தைத் தாண்டியதில்லை.

டெல்பினைப் பற்றி மட்டும் ஒரு பொய்யும் சொன்னதில்லை. ஃபாக்டரி கேன்டீனில் டோக்கன் கொடுத்தவள். எங்கள் குழுவில் ஆர்மோனியமும் பாட்டும் அவள்தான். பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி அடியில் ஒலிக்கும் குரல். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது.

ஏப்ரல் 20

டெல்பினின் தங்கை லூர்துராணி பாலக்கரையிலிருந்து போன் செய்தாள். தட்டு விஷயம் எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது.

“எங்கிட்ட அக்கா போட்டோ நூறு இருக்குண்ணே. குரல் ஒண்ணுகூட இல்ல. வாட்ஸப்புலகூட எழுதித்தான் அனுப்புவா. கல்லறைத் திருநாளுக்குள்ள கெடைச்சிருமா?”

கிடைத்துவிடும் என்று வாக்குக் கொடுத்தேன். நவம்பருக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது.

ஜூன் 2

யமுனா மாதிரிப் பாட்டு ஒன்றைப் போனுக்கு அனுப்பினாள். கேட்டேன். திரும்பக் கேட்டேன்.

இது டெல்பின் இல்லை. யாரோ சின்னப் பெண், அவசர அவசரமாகப் பாடிவிட்டு எங்கேயோ ஓடப்போகிறவள். என் கித்தாரும் கீச்கீச்சென்கிறது.

போன் போட்டேன். “உங்க டேப்ரெக்கார்டர்ல ஏதோ கோளாறு சார். ஆறு கேசட்லயும் சுருதி இறங்கிக் கெடந்துச்சு. எல்லாத்தையும் சரியான சுருதிக்கு ஏத்திட்டோம்” என்றாள், பெருமையாக.

அடிப்பாவி. கோளாறா அது? அதுதானே எங்கள் சுருதி!

ஜூன் 3

இன்று நிதானமாக விளக்கினேன். ஃபாக்டரிச் சங்கு ஊதினால் எங்கள் குவார்ட்டர்ஸ் சுவரே அதிரும். அதை எதிர்த்து எதையும் வாசிக்க முடியாது. சரி, அதோடு சேர்ந்துகொள்வோம் என்று மூன்று மணிச் சங்குக்குக் கித்தாரைக் கூட்டிக்கொண்டோம். டெல்பினின் ஆர்மோனியத்துப் பித்தளை நாக்குகளையும் நான்தான் அரம் வைத்துத் தேய்த்து அந்தச் சுருதிக்கு இறக்கிக் கொடுத்தேன். குழு இருந்த இருபத்தைந்து வருடமும் அதேதான். சங்கு ஓய்ந்த பிறகுதான் ரெக்கார்டு பட்டனை அமுக்குவோம், அதனால் அது எந்தக் கேசட்டிலும் இல்லை.

 யமுனா தயங்கித் தயங்கி, “சார், தப்பா எடுத்துக்காதீங்க... இது அந்த ஆப்பிரிக்கா மாதிரியா, நெஜமாவா?” என்றாள்.

போனை வைத்துவிட்டேன். ஜோதியிடம் சொன்னால், “முதலைப் பல்லுன்னு சொன்ன வாய்தானே அது. ஊரு எப்புடி நம்பும்?” என்கிறாள். அவள் சொன்னதில் என்ன தப்பு?

ஜூன் 4

கேசட்டுகளைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அனுப்பலாம், ஆனால் இனி ஓடாது என்கிறாள். பூஞ்சை பிடித்த நாடா ஒரு முறைதான் ஓடியதாம், அந்த ஓட்டத்திலேயே மேல்பூச்சு உரிந்துவிட்டதாம். அவளிடம் கம்ப்யூட்டரில் இருப்பதுதான் மிச்சம்.

ஜூன் 9

யமுனா நல்ல பெண்தான். “சரி சார், நம்புறேன். கம்ப்யூட்டர்ல கொறைக்கிறது ஒரு நிமிஷ வேலை. நாங்க எடுத்த டேப் ஓட்டமும் சரியான்னு எனக்குத் தெரியல. அதனால எவ்வளவு கொறைக்கணும்னு நீங்கதான் சொல்லணும். சங்கு சுருதிய அப்படியே பாடிக் காட்டுங்க, நான் அளந்துக்கிறேன்” என்றாள்.

ஏழாம் தேதி பாடிக் காட்டினேன். நேற்று பாடினேன். இன்றும் பாடினேன். மூன்று நாளும் மூன்று சுருதியாம்.

பழைய சங்கை எடுத்து எத்தனையோ வருடமாகிறது. எனக்குள் அது அப்படியே இருக்கிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? முப்பத்தோரு வருடம் இரும்புச் சத்தத்தில் கிடந்த காது. இப்போது என்னையே ஏமாற்றுகிறது. என்ன செய்யட்டும் நான்?

ஜூன் 14

ஆர்மோனியம்! நேற்று சாப்பிடும்போது ஞாபகம் வந்தது. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். நான் தேய்த்த நாக்குகள் எங்கே போகும்? அதை அளந்தால் போதுமே.

இன்று காலை முதல் பஸ்ஸில் பாலக்கரை போனேன். காரணத்தைச் சொல்லாமல், ஆர்மோனியப் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். லூர்துராணி அழகாகத் துடைத்து எடுத்து வந்தாள்.

“கோயிலுக்குக் குடுக்கலாம்னு இருக்கேண்ணே. சுருதி எறங்கிப்போயிக் கெடந்துச்சு. போன மாசந்தான் அரியமங்கலத்துல ஒருத்தர்கிட்டக் குடுத்து எல்லாத்தையும் சரிபண்ணி வாங்கிட்டு வந்தேன். வாசிச்சுப் பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கு!”

வாசித்தேன். ரொம்ப நல்லா இருக்கும்மா என்றேன். காபி கொடுத்தாள், குடித்தேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

ஜூலை 1

தட்டு அச்சுக்குப் போய்விட்டது, அவர்கள் ஏற்றின சுருதியிலேயே. இனி ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அம்மாமண்டபம் பக்கம் நுழைய முடியாத கூட்டம். அதற்குள்ளும் கூரியர்காரர் பெட்டியைக் கொண்டு வந்து சேர்த்துவிட்டார். நாலு தட்டு, வழுவழு அட்டை, அதில் என் மூஞ்சி. லூர்துராணிக்கு ஒரு பெட்டி தனியாகப் போயிருக்குமாம். என் பெட்டியின் கவரை நான் பிரிக்கவில்லை.

செப்டம்பர் 13

திருச்சியிலேயே வெளியீட்டு விழா. பேசினவர்கள் எல்லாரும் டெல்பினுடைய ‘துள்ளலான இளங்குரலை’ப் பாராட்டினார்கள். என்னையும் வாசிக்கச் சொன்னார்கள். தட்டிலிருக்கிற சுருதிக்கே கூட்டி வாசித்தேன். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாற்பது வருடத்தில் முதல் தடவையாகச் செருப்பு வரவில்லை. வந்திருக்கலாம்.

லூர்துராணி வரவில்லை. முழங்கால் வலியாம். நல்லவேளை என்று நினைத்தேன். சீ, என்ன பிறவி நான்.

அக்டோபர் 19

லூர்துராணி மூன்று தடவை போன் செய்துவிட்டாள். எடுக்கவில்லை.

அக்டோபர் 31

“வாக்குக் குடுத்தது நீங்க. அந்தக் கொரலு தப்புன்னும் நீங்களே போய்ச் சொல்லுங்க. நானும் வரேன்” என்று ஜோதி சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுப் புடவையை இஸ்திரிக்குப் போட்டாள். இனி தப்ப முடியாது.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். காலையிலேயே போய்விட்டோம். டெல்பின் கல்லறையை லூர்துராணி கழுவி, சாமந்தியால் மூடி வைத்திருந்தாள். மூவரும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றுக்கு அணைந்து அணைந்து போனது.

பிறகு அவள் வீடு. அவள் வீட்டுக்காரர் காலத்துத் தட்டு பிளேயரைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். “நீங்க வந்து போடணும்னுதாண்ணே நான் கேக்காமலே வச்சிருக்கேன்.” கவர்கூடப் பிரிக்கவில்லை. மூன்று மாதமாக!

 ஜோதிதான் தட்டை எடுத்து வைத்தாள்.

பாட்டு தொடங்கியது. லூர்துராணி சிரித்த முகமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். நாலு வரி போயிருக்கும். முகம் மெல்ல மாறியது.

“இது அக்கா இல்லையேண்ணே.”

எல்லாவற்றையும் சொன்னேன். சங்கு, அரம், உரிந்த நாடா, நான் பாடிய மூன்று சுருதி, அவள் ஆர்மோனியம், கடைசியில் ஆப்பிரிக்காவும் முதலைப் பல்லும்கூட. “என்னால ஒண்ணும் பண்ண முடியலம்மா. மன்னிச்சிரு” என்றேன். இந்த வயதில் மூக்குச் சிந்திக்கொண்டு நின்றேன்.

 லூர்துராணி தட்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி, சுற்றுகிற தட்டின் ஓரத்தில் லேசாக வைத்தாள்.

குரல் இறங்கியது. ரொம்ப இறங்கி ஆண்பிள்ளைக் குரல் ஆனது. விரலைக் கொஞ்சம் தளர்த்தினாள். இன்னும் கொஞ்சம்.

“இங்க... இங்கதாண்ணே. இதுதான் எங்கக்கா.”

டெல்பின்தான். பானைக்குள்ளிருந்து, அவசரமில்லாமல், டோக்கன் கொடுக்கும்போது பேசுகிற அதே குரல்.  ஜோதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் கொஞ்ச நேரம் பிடிக்கிறேன் என்று விரலை வைத்தேன். என் கை நடுங்கியது, டெல்பினும் நடுங்கினாள். லூர்துராணி என் கையைத் தட்டிவிட்டாள். பாட்டு முடிகிறவரை கண்ணை மூடிக்கொண்டு அவளே பிடித்திருந்தாள்.

“அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க, இத அளந்துக்கட்டும்” என்று ஜோதி கிசுகிசுத்தாள்.

“அதெல்லாம் அப்பறம் அண்ணி” என்றாள் லூர்துராணி. “அண்ணே, மொதல்லேர்ந்து வைங்க.”

முள்ளைத் தூக்கி நான் வைத்தேன். விரல் அவள் வைத்தாள்.