அந்தப் படத்துக்குக் கைதட்டியவர்கள்

என் கண்ணு,

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தியேட்டரில் ஓடும் படத்தில், வருங்காலத்தில் காற்றுக்கே பஞ்சம் வருகிறது. மற்றவர்களுக்குக் காற்று மிஞ்சட்டும் என்று, அறுபது தாண்டியவர்களைக் கொல்வதற்காக வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். முதல் வாரம் பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். டிக்கெட் கிழிக்கிற என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் அழுதாள். இப்போதோ, வண்டி வந்தாலே கைதட்டி விசிலடிக்கிறார்கள்.

ஞாயிறு மதியக் காட்சிக்கு அப்பாவும் வந்தார். பாதியில் மூச்சு முட்டி எழுந்தார். பின்னாலிருந்து ஒருவன், "பெருசு, உங்க வண்டி வெளியில ரெடியா நிக்குது!" என்று கத்தினான். அரங்கமே சிரித்தது. அப்பாவும்தான்.

அன்றிலிருந்து வீட்டில் தன் ஆக்சிஜன் மெஷினை அணைத்துவிடுகிறார். "எனக்கெதுக்கு இவ்வளவு காத்து? வாழப்போறவங்களுக்கு இருக்கட்டும்" என்கிறார். நான் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனால், அதன் இரைச்சல் நின்றுவிடுகிறது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

நேற்று உன் அறையை ஒழித்துக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் வந்து நின்று, "அதை ஏன் போட்டு உருட்டுற? அவ வந்தா என் கட்டில்ல படுத்துக்கட்டும், அது காலியாத்தான் இருக்கும்" என்றார்.

நான் சொன்னால் கேட்கமாட்டார். நீ திட்டினால் கேட்பார். டிக்கெட் கிடைத்த அன்றே கிளம்பு.

அம்மா