கந்தக ஊருக்கு மறுபடியும்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பாவிடம். இது செத்துப்போன என் அம்மாவுக்கு எழுதியது.

என் செல்ல அம்மா,

நாளைக்கு மத்தியானம் ஃபிளைட். உன் வருஷத் திதிக்குக் கோயமுத்தூர் போகிறோம். வழியில் ஜப்பானில் இறங்கி அந்த வெந்நீர் ஊற்று ஊருக்கும் போகிறோமாம். போன வருஷம் மூன்று பேராகப் போய், இரண்டு பேராகத் திரும்பினோமே, அதே ஊர்.

அப்பா அங்கே நாம் தங்கிய அதே விடுதிக்கு ஃபோன் பண்ணினார். அந்த எரிமலை இப்போது முன்னைவிட அதிகமாகப் புகைகிறதாம். ஒரு பாதையை அடைத்துவிட்டார்களாம். மேலே போக மட்டும் இன்னும் விடுகிறார்களாம். அது போதும் என்று சொல்லி ஃபோனை வைத்தார்.

உனக்கு நினைவிருக்கிறதா? பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அழுகின முட்டை நாற்றம். மஞ்சள் பூத்த பாறை, அதன் இடுக்கிலெல்லாம் ஆவி. ஆஸ்துமா இருப்பவர்கள் மேலே வர வேண்டாம் என்று பலகையில் எழுதியிருந்ததை நான் படித்துக் காட்டினேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கீழேயே நிற்பதா என்று நீ துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு நடந்தாய். கொஞ்ச தூரத்திலேயே உன் மூச்சில் விசில் வர ஆரம்பித்தது. அப்பா வழக்கம்போலக் கிண்டல் பண்ணினார்.

"ரெண்டு விசில் வந்தாச்சு. மூணாவது வந்தா இறக்கிடலாமா?"

"பருப்பு வேகட்டும், இருங்க."

மேலே அந்தக் கறுப்பு முட்டை. கொதிக்கிற ஊற்றிலேயே வேகவைத்தது. ஒன்று தின்றால் ஆயுசு ஏழு வருஷம் கூடும் என்று அங்கே சொல்கிறார்கள். நானும் அப்பாவும் தின்றோம். நீ வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டேன் என்றுவிட்டாய். அங்கே அன்றைக்குச் சனிக்கிழமை, அம்மா. உன் வாட்ச்சை நீ மாற்றவே இல்லை. அதில் கலிஃபோர்னியாவின் வெள்ளிக்கிழமைதான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரியே உனக்கு மூச்சு முட்டியது. மலையடி ஆஸ்பத்திரியில் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முட்டை சும்மா டூரிஸ்டுகளுக்குச் சொல்கிற கதை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் அதையே நினைக்கிறேன்?

இங்கே கலிஃபோர்னியாவில், டப்ளினில், நம் வீடு ரொம்ப அமைதி. அப்பா குக்கரைக் கராஜில் கொண்டுபோய் வைத்துவிட்டார். பானையில்தான் சோறு. மாதக்கணக்காக என்னிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. டிக்கெட் வாங்கிய பிறகுதான் பேச்சு வந்தது. "அம்மா பங்கு முட்டை ஒண்ணு பாக்கி இருக்குது கண்ணு. வாங்கிட்டுப் போய்ப் படையல்ல வெக்கணும்" என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். போன வாரத்திலிருந்து என் நெஞ்சிலும் விசில் கேட்கிறது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம், அப்படியே அம்மாவை உரிச்சு வெச்சிருக்கா என்பார். கண்ணும் முடியும் உன்னுடையது. மூச்சுமா?

சொன்னால் அப்பா எல்லாவற்றையும் கேன்சல் பண்ணிவிட்டு மறுபடி வாயை மூடிக்கொள்வார். சொல்லாவிட்டால் அந்தப் பாறை நடுவில் நான் நிற்க வேண்டும். உன் இன்ஹேலரைத் தேடி எடுத்தேன். அழுத்தினால் வெறும் காற்றுதான் வருகிறது. பகலில் சமாளித்துவிடுகிறேன். படுத்தால் கூடுகிறது. தலையணையை வாயில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வேண்டாம் அம்மா. சொல்லிவிடுகிறேன். அவர் இனிமேல் பேசாமலே போனாலும் சரி, அந்தப் பலகையைத் தாண்ட மாட்டேன், அவரையும் தாண்ட விட மாட்டேன். உன்மேல் சத்தியம். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக

கதவைத் தட்டுகிறார்.

"ஏங்கண்ணு, தூங்கலையா? குக்கர் கராஜ்லதான இருக்குது. உள்ள என்ன விசில் சத்தம்?"

கிண்டல் இல்லை அம்மா, குரல் நடுங்குகிறது

உன் மக