ரெண்டும் ஒன்னு இல்லை

அத்தான்,

உங்களுக்குக் கண் எங்கே இருக்கிறது? உங்கள் மகள் பள்ளிக்காகப் படம் ஒட்டிய அட்டையைப் பார்த்து, "ரெண்டு பூனையும் ஒன்னுதான்லா" என்று சிரித்துவிட்டு லூமுட்டுக்கு வேலைக்குப் போய்விட்டீர்கள். ஒன்று இல்லை. இரண்டும் தென் அமெரிக்கக் காட்டுப் பூனைகள், ஒரே மாதிரிப் புள்ளித் தோல். ஆனால் மார்கே மரத்திலிருந்து தலைகீழாக இறங்கும். ஒன்சில்லாவுக்கு அது வராது.

அக்கா இறந்த மறு வருடமே என்னைக் கட்டிக்கொண்டீர்கள். அவள் சேலைகளைக் கொடுத்தீர்கள், அவள் பெயரால் கூப்பிட்டீர்கள். பொறுத்தேன். என்னை அம்மா என்று அழைக்காததற்குப் பிள்ளையை அடித்தீர்களே, அதைப் பொறுக்க மாட்டேன்.

சேலைகளை உங்கள் அலமாரியில் வைத்துவிட்டேன்.

இன்று காலை பிள்ளை பயந்துகொண்டே, "சித்தின்னே கூப்பிடவா?" என்றாள். கூப்பிடச் சொன்னேன்.

எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அது ஞாபகம் வந்த பிறகு ஈப்போ வீட்டுக்குத் திரும்பி வாருங்கள்.

உங்கள் மகளின் சித்தி