சீலைக்கரையும் தையல் மெசினும்

வெள்ளிக்கிழமை, ஆவணி 12

லண்டனில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாளாம். அதற்காக அவர்கள் அனுப்பின காசில் உதவி நிறுவனத்துக்காரர் எனக்கொரு தையல் மெசின் கொண்டுவந்தார்கள். முற்றத்தில் பதாகை கட்டி, மெசினோடு என்னை நிறுத்திப் படமெடுத்தார்கள். அதுவரை பொறுத்தேன். பிறகு கமராக்காரன், "அக்கா, சீலையைக் கொஞ்சம் உயர்த்துங்கோ, பொய்க்கால் தெரியவேணும்" என்றான்.

"தம்பி, உன்ரை அம்மாவையும் உப்பிடிக் கேப்பியோ?"

"காசு அனுப்பினவைக்குக் காட்டவேணுமெல்லே?"

"அப்ப மெசினைத் திருப்பி ஏத்து."

ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குத் தடிப்பாம், திமிராம், அயலில் கதைக்கிறார்கள். ஓம், தடிப்புத்தான். என் பழைய மெசின் நூலை அறுத்து அறுத்துத்தான் தைக்கும், தைக்கட்டும்.

நாளைக்கு சீலையை விட்டு, முழங்கால் தெரியக் கவுண் சட்டை போட்டுக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போகப்போகிறேன். ஊரே பார்க்கட்டும். அங்கே காட்டச் சொல்லி எவனும் என்னைக் கேட்கவில்லை, நானாய்த்தான் காட்டப்போகிறேன்.