பதினோராம் பக்கத்தை எடுக்காதவளுக்கு

ஆரணி பேருந்து நிலையத்து ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போதுதான் இயந்திரத்திலிருந்து வந்த தாள்கள் மடியில் சுடுகின்றன. அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் உன்னிடம் பேசவேண்டும்போல் இருந்தது. நம் இரண்டாவது படக்கதை அச்சாகிவிட்டது.

முதல் புத்தகத்துக்கு எவ்வளவு அலைந்தோம்! பட்டுச்சேலைக் கடையில் நான் கணினியில் பார்டர் டிசைன் போடுவேன், நீ பில் போடுவாய். சாப்பாட்டு வேளையில் நீ கதை சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். காலனியிலிருந்து ஒரு கல்யாணப்பெண், ஹாரன் அடித்தபடி தானே மொபெட் ஓட்டிக்கொண்டு ஊர்த்தெரு வழியாக மண்டபத்துக்குப் போகிறாள். நம் ஊரில் உங்கள் ஊர்வலம் எதுவும் அந்தத் தெருவில் போனதில்லை. நான் அந்தத் தெருவில் பிறந்தவள்.

பெரிய அச்சகங்களில் ஆயிரம் பிரதிக்குக் குறைந்தால் முடியாது என்றார்கள். நமக்கு நூறு போதும். ஆடி மாதத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சகம் சும்மா கிடக்கும், ஒரே நிறம் என்றால் மலிவாகப் போட்டுத் தருவார்கள் என்று நீதான் கண்டுபிடித்தாய். அச்சகக்காரரும் ஒப்புக்கொண்டார், மொபெட் ஊர்த்தெருவில் திரும்பும் பதினோராம் பக்கத்தைப் பார்க்கும்வரை.

"நாலு ஊருக்குப் பத்திரிக போட்டுகினு இருக்கறவன் நான். இந்த ஒரு பக்கம் வாணாம்மா. எடுத்துட்டா நாளைக்கே தந்துடறேன்."

"எடுத்துடலாங்க" என்று உன்னைக் கேட்காமலே சொன்னேன். என் அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

நீ பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாய். "இன்னாடி பண்ற? அந்தப் பக்கத்த எடுத்துட்டா அவ எந்த வழியாடி மண்டபத்துக்குப் போவா?"

அன்றே இந்தக் கடைக்கு வந்தோம். நான்கு தாள்களில் இருபுறமும் அடித்து நடுவில் மடித்தால் பதினாறு பக்கம். அட்டைக்கு மட்டும் மஞ்சள் நிறக் கெட்டித்தாள். நடுமடிப்புக்கு எட்டும் ஸ்டேப்லர் இல்லாததால், தெர்மாகோல்மேல் வைத்துக் குத்தி, பின்னின் கால்களை ஸ்பூனால் மடக்கினோம். விரலெல்லாம் காயம்.

போளூர் சந்தையில் விற்றுக்கொண்டிருந்தபோது ஒருவன் அந்தப் பதினோராம் பக்கத்தைக் கிழித்து உன் காலடியில் போட்டான். "கிழிச்சா புக்கு உங்களுது. காச குடுங்க" என்றாய். வாங்காமல் நீ நகரவில்லை. நான் உன் பின்னால் நின்றிருந்தேன்.

இரண்டாவது கதையின் கடைசி வரியை வேலூர் மருத்துவமனையிலிருந்து போனில் சொன்னாய். காய்ச்சலென்று போனவள் திரும்பவில்லை. உன்னையும் வயல்வரப்பு வழியாகத்தான் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள். சேற்றில் கால் புதையப் புதைய நான் பின்னால் நடந்தேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான் நடந்தேன்.

நீ எழுதாத ஒரு பக்கத்தை இதில் சேர்த்திருக்கிறேன். அந்த வரப்பு, உன் பாடை, கொல்லை வாசலில் நின்று பார்த்த ஊர்த்தெருக்காரர்கள். என் அப்பாவும் அதில் இருக்கிறார்.

"இன்னா மேடம், நெச ஊரு மாதிரியே கீது. பேஜார் ஆவாது?" என்றார் கடைக்காரம்மா.

"ஆவட்டுங்க. எல்லா மூஞ்சும் தெளிவா வுழுந்துதா பாருங்க."

என் பயம் போய்விட்டதென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது வாயைத் திறப்பதற்குள் உன் குரல் முந்திக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை இந்தப் புத்தகத்தை ஊர்த்தெருவில் வாசல் வாசலாகக் கொடுக்கப்போகிறேன். முதல் பிரதி எங்கள் வீட்டுக்கு.